பொம்மையின் கழுத்தில் ஓர் அட்டை

அந்த அட்டையை எழுதியவள் நான்தான். விசிற்றிங் காட் அளவு, பழுப்பு மட்டை, ஒரு மூலையில் ஓட்டை, ஓட்டைக்குள் சிவப்பு நூல். துணிப் பொம்மையின் கழுத்தில் கட்டுவதற்கென்று செய்தது. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம். முப்பத்தொரு வருஷம் வங்கியில் கடிதம் எழுதின கை என்னுடையது. நாலு வரியில் யாரையும் உருக்கிவிடலாம் என்ற தைரியம் அந்தக் கைக்கு இருந்தது. உருக்கவும் செய்தது. பொம்மை முழுக்க ஒரே நாளில் விற்றுத் தீர்ந்தது.

தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தபோது கொட்டாஞ்சேனையில் கதவு யன்னல் அதிர்ந்ததாம். வெள்ளவத்தையில் எங்களுக்கு அது போனில்தான் வந்தது. செவ்வாய்க்கிழமையில் அங்கே போய் ஒரு மெழுகுதிரி கொளுத்தாத சைவக் குடும்பம் கொழும்பில் குறைவு. என் அம்மாவும் நேர்த்தி வைத்துப் போனவதான். ஜூன் மாதம் கோயிலைத் திருத்தித் திரும்பத் திறந்தபோது நாங்கள் நாலு சிநேகிதிகள் சேர்ந்து போனோம். எல்லாரும் அறுபதைக் கடந்தவர்கள், எல்லாருடைய பிள்ளைகளும் லண்டனிலோ ரொரன்ரோவிலோ. திரும்பி வரும்போது ஓட்டோவுக்குள் வைத்தே முடிவெடுத்தோம், ஏதாவது செய்ய வேண்டும் என்று. 'ஏதாவது' என்ற அந்தச் சொல்லை அப்போதே கொஞ்சம் நிறுத்தி விசாரித்திருக்கலாம்.

வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் நடுவில் பத்துக் கிலோமீற்றர்தான். 155 பஸ்ஸில் ஏறிக் குந்தினால் கொண்டுபோய் விடும். ஆனால் இந்த ஊர்த் தமிழருக்குள் அது சின்னத் தூரமில்லை. எங்கள் பக்கம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஃபிளாற் வாங்கினவர்கள், வாடகைக்கு இருப்பவர்கள், வெளிநாட்டுக் காசு. அங்கே துறைமுகத்தையும் செட்டியார் தெருவையும் நம்பி நாலைந்து தலைமுறையாய் இருப்பவர்கள், மலையகத்திலிருந்து வேலை தேடி வந்தவர்கள், ஒரு தண்ணீர்க் குழாய்க்குப் பத்து வீடு என்றிருக்கிற, 'தோட்டம்' என்று சொல்லப்படும் குடியிருப்புகள். நாங்கள் 'ரீச்சர்' என்கிறதை அவர்கள் 'மிஸ்' என்பார்கள். நான் ஒருநாளும் படிப்பித்தவளில்லை. ஆனாலும் முதல் சனிக்கிழமையே மிஸ் ஆகிவிட்டேன், அது எனக்குப் பிடித்தும் போனது.

ஒருவர் தன் கட்டடத்தின் மேல்தட்டு மண்டபத்தைச் சனிக்கிழமைகளில் இலவசமாகத் தந்தார். பதினாலு பெண்கள் வந்தார்கள். எனக்குத் தெரிந்தது றேந்தை பின்னுவது. அம்மாவிடம் படித்தது. அந்தச் சொல்லையே போர்த்துக்கேயர் விட்டுவிட்டுப் போனார்கள், அலுமாரி, பொத்தான் போல. மேசை விரிப்புக்குப் பின்னிப் பார்த்தோம். ஒரு விரிப்பு முடிய மூன்று கிழமை பிடித்தது, வாங்க ஆளில்லை. பிறகுதான் துணிப் பொம்மை. புறக்கோட்டையில் கிலோக் கணக்கில் விற்கிற கட்பீஸ் துணி, அடைக்கப் பஞ்சு, தலைமயிருக்குக் கம்பளி நூல். நான் பற்றன் வெட்டிக் கொடுத்தேன், யூரியூப்பில் பார்த்துப் பழகியது.

பொம்மை தொடங்கின இரண்டாவது கிழமையே ஒரு பெண் என் முறையை மாற்றினார். அவருடைய பெயர் வேண்டாம், ஒருமுறை எழுதினது போதும். நான் பொம்மையைத் தைத்து, திருப்பி, பஞ்சடைத்து, கடைசியில் கண்ணையும் வாயையும் போடச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அவர் துணி தட்டையாக இருக்கும்போதே கண்ணைப் போட்டார்.

"மிஸ், கண்ண மொதல்ல போட்டுரணும். பஞ்சு அடைச்சப்புறம் போட்டா முடிச்சு வெளிய நிக்கும். மயிருக்குள்ள ஒளிச்சாலும் புள்ளைங்க இழுக்கும்."

இழுத்துப் பார்த்தேன். என் பொம்மையின் கண் கையோடு வந்தது. அவருடையதில் முடிச்சு உள்ளே பத்திரமாக இருந்தது. கழுத்துக்கு இரண்டு தரம் தையல் ஓட வேண்டும், பிள்ளைகள் கழுத்தில்தான் பிடித்துத் தூக்கும் என்றார். கை தைக்கிற இடத்தில் கால் அங்குலம் துணி கூட விட்டு வெட்டினார். எங்கே பழகினீர்கள் என்று கேட்டேன். பதினொரு வருஷம் காமன்ஸில், முதல் ஏழு வருஷம் மெஷின், பிறகு கியூசி. தைத்து வருகிற உடுப்பில் பிழை பிடிக்கிற வேலை. இடுப்பு வலி வந்து நின்றாராம். அவ்வளவு பெரிய தொழில்காரியை இருத்தி வைத்து நான் ஊசியில் நூல் கோக்கப் பழக்கிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் அவர்தான் கேட்டார். ஒரு பொம்மைக்கு அஞ்சு மணித்தியாலம் போகுது, சாமானுக்கு நூற்றியிருபது, விற்கிறது அறுநூறு, பஸ் காசும் போனால் கைக்கு எவ்வளவு வரும் மிஸ்? விரலில் கணக்குப் போட்டுக் காட்டினார். வெள்ளவத்தை ஃபிளாற் ஒன்றில் அரைநாள் வீடு துடைத்தால் அதைவிடக் கூடக் கிடைக்கும். நான் சொன்ன பதில் இன்றைக்கும் எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம்: "இது வியாபாரமில்லை அம்மா, இது மனசுக்கு ஒரு ஆறுதல்." அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கண்ணைத் தைக்கத் தொடங்கினார். ஆறுதல் தேவைப்பட்டது எங்களுக்கு என்பதை அவர் அப்போதே கண்டுபிடித்திருப்பார். கியூசிக்காரி.

ஒக்டோபரில் ரிட்ரீட் வைத்தோம். பாணந்துறையில் தெரிந்தவர் ஒருவருடைய பழைய வீடு, இரண்டு நாள். கோட்டையிலிருந்து கரையோர ரயில். துறைமுகத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்கள், மதில் மறைக்காத கடலை இவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது அபூர்வம் என்று யன்னலை விட்டு நகரவில்லை. கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி தாண்டி வெள்ளவத்தையில் நாங்கள் ஏறியபோது கட்டுச்சோற்றுப் பார்சல் பாதி முடிந்திருந்தது. அந்த ரயில் பயணத்தோடு நிறுத்தியிருந்தால் அது நல்ல ரிட்ரீட்.

எங்களில் ஒருத்தி 2004 சுனாமிக்குப் பிறகு நிறையப் பட்டறைகளுக்குப் போனவள். அப்போது வெளிநாடுகளிலிருந்து வந்து இறங்கினவர்கள் சொல்லிக்கொடுத்தது: துக்கத்தை வெளியே சொன்னால் ஆறும். இரவு எல்லோரும் வட்டமாக இருந்தோம். நடுவில் மெழுகுதிரி. ஒரு நூல் பந்து. பந்து யார் கைக்கு வருகிறதோ அவர் தன் கதையைச் சொல்லிவிட்டு, நூலைப் பிடித்தபடி அடுத்தவருக்கு எறிய வேண்டும். கடைசியில் எல்லோரையும் இணைக்கிற வலை ஒன்று வரும், பார்க்க வடிவாக இருக்கும் என்றாள். வடிவாகத்தான் இருந்தது. சொன்னார்கள், அழுதார்கள். நான் மூலையிலிருந்து கொப்பியில் குறித்துக்கொண்டேன். ஏன் குறித்தேன் என்று கேட்டால், அப்போது அட்டை யோசனை இல்லை. எதையும் எழுதி வைப்பது வங்கிப் பழக்கம், அவ்வளவுதான்.

அந்தக் கியூசிக்காரப் பெண் சொன்னது இது. மூன்று வருஷத்துக்கு முன் கிழமை லோன் கட்ட வழியில்லாமல் மகளின் தோட்டை எடுத்து அடகு வைத்தார். அம்மம்மா போட்ட தோடு. மகள் ஸ்கூல் விளையாட்டுப் போட்டிக்காகக் கழற்றி சோப் பெட்டிக்குள் வைத்திருந்தது. மகள் தேடியது. தாய் ஒன்றும் சொல்லவில்லை. தான்தான் ஸ்கூலில் எங்கோ விழுத்திவிட்டேன் என்று அந்தப் பிள்ளை தானாகவே நம்பியது, தகப்பனிடம் அடியும் வாங்கியது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன் மிஸ், என்றார்.

எல்லோரும் படுக்கப் போன பிறகு அந்த நூல் பந்தைச் சிக்கெடுத்துச் சுற்றி வைத்ததும் அவர்தான். விடிய எழும்பிப் பார்த்தேன், மேசையில் உருண்டையாக இருந்தது.

டிசம்பர் தொடக்கத்தில் வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் விற்பனை. நத்தாருக்கு ஊர் வந்திருக்கிற வெளிநாட்டுக்காரர்களைக் குறிவைத்த தேதி. வெறும் பொம்மையாக வைத்தால் அறுநூறு ரூபா கொடுப்பார்களா என்று யோசித்தபோதுதான் எனக்கு அந்த அட்டை தோன்றியது. கொப்பியை எடுத்தேன். பெயர் போடவில்லை, மறைத்துத்தான் எழுதுகிறேன் என்று மனதுக்கு ஒரு சமாதானம். இவருடைய பொம்மைகளுக்கு எழுதினது இப்படி:

'இதைச் செய்தவர் கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த ஒரு தாய். கடனை அடைக்க மகளின் தோட்டை அடகு வைத்துவிட்டு, அது தொலைந்துபோனதாக மகளை நம்பவைத்தவர். இன்று ஊசியும் நூலும் இவருக்குப் புதிய வாழ்வு தருகின்றன.'

இவருடையது மட்டும் பதினாலு பொம்மை, பதினாலு அட்டை.

அன்றைக்கு உதவிக்கென்று அவர் மகளையும் கூட்டி வந்திருந்தார். பதினைந்து வயது, நல்ல ஆங்கிலம் பேசுகிற பிள்ளை. மேசையில் நிற்கச் சொன்னேன். லண்டனிலிருந்து வந்த ஓர் அன்ரி பொம்மையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிள்ளை, கண்ணாடி கொண்டுவரேல்லை. இதில என்ன எழுதியிருக்கு, ஒருக்கா வாசியுங்கோ பாப்பம்."

நான் இரண்டு மேசை தள்ளி நின்றேன். அவள் ஆங்கிலப் பக்கத்தை உரத்து வாசிக்கத் தொடங்கினாள். ஸ்கூலில் வாசிக்கிற மாதிரி, நிறுத்தி, தெளிவாக. இரண்டாவது வசனத்தின் நடுவில் குரல் நின்றது. அட்டையைத் திருப்பித் தமிழில் பார்த்தாள். பக்கத்திலிருந்த பொம்மைகளின் அட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். அம்மா கழுத்துக்கு இரண்டு தையல் போடுவாள், அந்தத் தையலை அவளுக்குத் தெரியும். கையிலிருந்த பொம்மையின் சிவப்பு நூலை அவிழ்த்து, அட்டையைச் சட்டைப் பையில் வைத்தாள். பொம்மையை அந்த அன்ரியிடம் நீட்டி, "சிக்ஸ் ஹன்ட்ரட்" என்றாள்.

தாய் மண்டபத்தின் மறுகோடியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்.

மிச்சப் பொம்மைகள் பின்னேரத்துக்குள் விற்றன. அட்டையை வாசித்துவிட்டு 'ஐயோ பாவம்' என்று இரண்டு வாங்கினவர்கள் உண்டு. கண் எப்படித் தைத்திருக்கிறது என்று பார்த்தவர் ஒருவருமில்லை. கழுத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தவரும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் இல்லை. கேக் பெட்டி ஒன்றோடு போனேன். ஒரு அறை, மேலே பலகைத் தட்டு, வெளியே குழாயடியில் வாளி வரிசை. மகள் தட்டிலிருந்து இறங்கவில்லை. அவர் பிளேன்ரீ போட்டுத் தந்தார். சண்டை பிடிப்பார் என்று நினைத்துப் போயிருந்தேன், அதற்கு ஆயத்தமாக மனதுக்குள் வசனங்களும் வைத்திருந்தேன்.

"அவகிட்ட நானே சொல்லணும்னுதான் மிஸ் இருந்தேன். மூணு வருஷமா வட்டி கட்டி வச்சிருக்கேன். இந்த நத்தாருக்குத் தோட்ட மீட்டு, கையில குடுத்துட்டு சொல்லலாம்னு."

பொம்மைக் காசு அதற்குத்தான் என்று அப்போது விளங்கியது. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்றேன். பிளேன்ரீ ஆறுது மிஸ், என்றார். வீட்டுக்கு வந்து, மீட்பதற்கான காசை ஒரு கடித உறையில் போட்டு இன்னொரு பெண்ணிடம் கொடுத்தனுப்பினேன். ஒட்டினது ஒட்டினபடி உறை திரும்பி வந்தது.

2020 மார்ச்சில் ஊரடங்கு. எல்லோரையும்போல நானும் ஃபிளாற்றின் பல்கனியில் இருந்து யோசித்தேன். எங்கள் யன்னலால் பார்த்தால் ஹவ்லொக் வீதிப் பக்கம் உயர்ந்த மாடிகள் தெரியும். அந்த நிலத்தில்தான் வெள்ளவத்தை நூல் நெசவு ஆலை இருந்தது. 1933 இல் அங்கே பெரிய வேலைநிறுத்தம், தொழிலாளரில் நிறையப் பேர் மலையாளிகள், முன்னுக்கு நின்றவர்களில் கொல்வின் ஆர். டி சில்வாவும் ஒருவர். அந்தத் தொழிலாளர்களுக்கும் வீட்டில் கதை இருந்திருக்கும், அடகு இருந்திருக்கும். மில் வாசலில் நின்று அவர்கள் கேட்டது சம்பளத்தை. என்னிடமும் ஒருவர் சம்பளத்தைத்தான் கேட்டார், நான் ஆறுதல் என்று பதில் சொன்னேன்.

அந்த மாதங்களில் நிறைய வாசித்தேன். வாசிக்க வாசிக்க வெட்கம் கூடியது. நடந்ததை ஒரே இருப்பில் சொல்லவைத்து ஆற்றுகிற முறை பயன் தரவில்லை, கட்டாயப்படுத்திச் செய்வதை நிறுத்த வேண்டும் என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுக்கிற கொக்ரேன் அமைப்பின் மதிப்பீடு 2002 இலேயே சொல்லியிருக்கிறது. சுனாமிக்கு இரண்டு வருஷம் முந்தி. 2007 இல் வந்த சர்வதேச வழிகாட்டிக் குறிப்புகளும் அதையே சொல்கின்றன. எங்கள் நூல் பந்து 2019 இல்.

மட்டக்களப்பின் வண்ணத்துப்பூச்சித் தோட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான் இருந்தேன், விளங்கிக்கொண்டது அப்போதுதான். 1996 இல், யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே, கனடாவைச் சேர்ந்த ஓவியர் போல் ஹோகனும் யேசுசபைத் துறவி போல் சற்குணநாயகமும் இன்னும் பலரும் சேர்ந்து தொடக்கியது. தமிழ்க் கிராமத்துப் பிள்ளைகளையும் முஸ்லிம் கிராமத்துப் பிள்ளைகளையும் பஸ்ஸில் கூட்டி வருவார்கள். களிமண், வண்ணம், கதை, நாடகம், மரம், மிருகங்கள். உனக்கு என்ன நடந்தது, யாரை இழந்தாய் என்று பிள்ளையைக் குடைந்து கேட்பது அங்கே வேலையில்லை. பிள்ளை தன்பாட்டில் களிமண்ணில் செய்வதைச் செய்யும், மாதக்கணக்கில். ஒரு ராத்திரி, ஒரு மெழுகுதிரி என்ற அவசரம் அங்கே இல்லை.

எனக்கு இது கையால் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். றேந்தை பின்னுகிறவளுக்குத் தெரியும், எண்ணிக்கை தவறாமல் பின்னும்போது வாய் தானாக மூடிக்கொள்ளும். அப்பா செத்த வருஷம் அம்மா பின்னின விரிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. எட்டுச் சங்கிலி, ஒரு குத்து, எட்டுச் சங்கிலி, ஒரு குத்து. அந்த வருஷம் முழுக்க அம்மா எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கைவேலை அந்தப் பெண்களுக்கு ஏதாவது கொடுத்திருந்தால் அது சனிக்கிழமைகளில் மூன்று மணித்தியாலம் பேசாமல் இருக்கிற உரிமை. நான் அதைப் பிடுங்கி, நாலு வரியாக்கி, பொம்மையின் கழுத்தில் கட்டினேன்.

அப்படியென்றால் கதையே சொல்லக்கூடாதா என்று என் சிநேகிதி போனில் சண்டை பிடித்தாள். சிலி நாட்டுப் பெண்களைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். 1973 இராணுவப் புரட்சிக்குப் பிறகு பிள்ளைகளையும் கணவன்மாரையும் பறிகொடுத்த பெண்கள், கத்தோலிக்கத் திருச்சபையின் பாதுகாப்பில் பட்டறைகளில் கூடி, சாக்குத்துணியில் பழந்துணித் துண்டுகளை ஒட்டுத்தையல் போட்டுப் படங்கள் தைத்தார்கள். அர்பியேரா என்று பெயர். ஆளைக் காணவில்லை, சிறை, சோற்றுக்கு வரிசை, எல்லாம் அந்தத் துணியில் இருக்கும். வெளிநாட்டுக்குப் போய் விலைப்பட்டது. என்னை நிமிர்ந்து இருக்கவைத்த விஷயம் துணியின் பின்பக்கத்தில் இருந்தது: பல அர்பியேராக்களின் முதுகில் ஒரு சின்னப் பை தைத்திருக்கும், அதற்குள் மடித்த ஒரு துண்டுக் காகிதம். அதுவும் ஒருவகை அட்டைதான். எழுதினது தைத்தவளே. எதைச் சொல்வது, எதை விடுவது என்று தீர்மானித்ததும் அவள்.

விலை விஷயத்தில் இன்னும் கிட்டத்திலேயே பாடம் இருந்தது, தினமும் அதைத் தாண்டித்தான் பஸ்ஸில் போவேன். காலி வீதியில், கொள்ளுப்பிட்டியில் பெயர்ஃபுட் கடை. அதன் தொடக்கமும் ஒரு தொண்டு வேலைதான். வறிய பெண்களுக்கு நெசவு பழக்கிக்கொண்டிருந்த நல்லாயன் சபையின் ஐரிஷ் கன்னியாஸ்திரி ஒருவர், ஓவியரான பார்பரா சன்சோனியிடம் வந்து உதவி கேட்டார். அதே சபையின் கன்னியர் மடம்தான் கொட்டாஞ்சேனையிலும் இருக்கிறது. சன்சோனி அந்தத் தறிகளுக்கு நிறம் கொடுத்தார். சிவப்புக்குப் பக்கத்தில் ஆரஞ்சு, அதற்குப் பக்கத்தில் ஊதா, யாரும் போடத் துணியாத கோடுகள். 1964 இல் பெயர்ஃபுட் ஆரம்பம். அவர் 2022 இல் காலமானார், கடை இன்னும் நடக்கிறது. அங்கேயும் துணிப் பொம்மைகள் விற்கிறார்கள். நெய்தவள் எவ்வளவு பாவப்பட்டவள் என்று பார்த்து யாரும் வாங்குவதில்லை. நிறத்துக்காக வாங்குகிறார்கள், திரும்பவும் வருகிறார்கள். எங்கள் அட்டைக்காக வாங்கின ஒருவராவது இரண்டாம் தரம் கேட்டு வந்ததாக எனக்கு ஞாபகமில்லை. பாவப்பட்டு வாங்கிய பொம்மை ஒன்று ஷோகேசில் இருந்தால் கடமை முடிந்தது.

ஆரோவில்லின் சுனாமிகாவும் உண்டு. தமிழ்நாட்டுக் கரையில் சுனாமியால் பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துப் பெண்கள், உபாசனா என்ற உடை வடிவமைப்பு நிலையத்தின் வெட்டுத்துணியில் 2005 இலிருந்து செய்த விரல் அளவுப் பொம்மை. உமா பிரஜாபதி தொடங்கிய வேலை. அதை விற்பதே இல்லை, பரிசாகத்தான் கொடுப்பார்கள். செய்த பெண்களுக்குக் கூலி நன்கொடையிலிருந்து போகும். விற்பதென்றால் நேர்மையாக விலை போட்டு விற்கலாம், கொடுப்பதென்றால் முழுதாகக் கொடுத்துவிடலாம். நாங்கள் செய்தது இரண்டுக்கும் நடுவில் ஒன்று, விற்பனை மாதிரி ஒரு பிச்சை. கேட்டது நாங்கள், கையேந்தினதாக ஊர் நினைத்தது அவர்களை.

2020 ஒக்டோபரில் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளிப் பக்கத்தைப் பூட்டினார்கள். பிறகு 2022, எரிவாயு வரிசை, மண்ணெண்ணெய் வரிசை, விலை எல்லாம் ஏறிப்போன வருஷம். புது உடுப்பு வாங்கக் காசில்லாத வருஷத்தில் பழைய உடுப்பைத் திருத்துகிறவருக்கு வேலை வரும். எங்கள் பதினாலு பேரில் ஐந்து பேர் அப்படித்தான் நிமிர்ந்தார்கள். அண்ணனுடைய யூனிபோமைத் தம்பிக்கு வெட்டிச் சின்னனாக்குவது, சிப் மாற்றுவது, சாரி ஃபோல்ஸ் அடிப்பது. நாங்கள் செய்தது, இரண்டு பழைய மெஷின்களைத் தேடிப் பிடித்துக் கொடுத்து, தவணையில் காசை வாங்கிக்கொண்டது. சும்மா கொடுக்கலாம் என்று ஒரு சிநேகிதி சொன்னாள். தவணை வேண்டும் என்று அந்தப் பெண்களே கேட்டார்கள்.

2023 இல் இன்னொரு தடவை பாணந்துறை போனோம், அதே வீடு. வட்டம் இல்லை, மெழுகுதிரி இல்லை, நான் கொப்பி கொண்டுபோகவில்லை. விரும்பினால் தைக்க, விரும்பினால் சும்மா இருக்க. முதல் நாள் பின்னேரம் என்ன நடந்தது தெரியுமா? எல்லோரும் நித்திரை. பாய் விரித்து, விறாந்தையில், சோபாவில், கிடைத்த இடத்தில், பகல் இரண்டு மணியிலிருந்து விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும். ஒருத்திகூட எழும்பிக் குசினிப் பக்கம் போகவில்லை. எத்தனை வருஷ நித்திரையோ. நாங்கள் நாலு கிழவிகளும் சமைத்தோம், இறால் குழம்புக்கு உப்புக் கூடிப்போனது. இரவில் மீன் விலையையும் மாமிமாரையும் பற்றிப் பேசிச் சிரிப்பு. யாரோ இருட்டில் யாருக்கோ எதையோ மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கும் கேட்டது. நான் மறுபக்கம் திரும்பிப் படுத்தேன்.

அந்தப் பெண் அந்தப் பயணத்துக்கு வரவில்லை.

அவர் தன்பாட்டில் வீட்டிலேயே தைக்கிறார் என்று கேள்விப்பட்டு, கைப்பகுதி இறுகிப்போன சாரி பிளவுஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு 155 இல் போனேன். படிக்குக் கீழே மெஷின். சுவரில் பழுப்பு மட்டையில் விலைப்பட்டியல், சிங்களத்திலும் தமிழிலும், மகளின் கையெழுத்து: சிப் மாற்ற முந்நூறு, காற்சட்டை மடிக்க இருநூற்றைம்பது. மகள் ஏ.எல். படிக்கிறாளாம், ரியூஷனுக்குப் போயிருந்தாள். பிளவுஸை உள்பக்கம் திருப்பி, தையலை நகத்தால் தட்டிப் பார்த்தார்.

"யார் தச்சது மிஸ் இது? துணியே விடல. ரெண்டு பக்கமும் பட்டி குடுக்கணும். முந்நூத்தம்பது."

சரி என்றேன். பிறகு, போனதிலிருந்து சொல்ல நினைத்திருந்ததைச் சொன்னேன். பொம்மை வாங்கினவர்களைத் தேடிப் பிடித்து அட்டையைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், வட்ஸ்அப்பில், தெரிந்தவர் தெரிந்தவர் மூலம். சிலர் அனுப்பினார்கள். சிலர் பதிலே போடவில்லை. ரொரன்ரோவில் ஒருவர், அட்டைதானே அதில் வடிவு, ஃபிரேம் போட்டு வைத்திருக்கிறேன் என்று படம் எடுத்து அனுப்பினார்.

அவர் தையல் பிரிக்கிற பிளேட்டைக் கையில் எடுத்தார்.

"என்னோடது எத்தன மிஸ்?"

"பதினாலு."

"பதிமூணு. ஒண்ணு மக வச்சிருக்கா." நூல் ஒன்றை அறுத்தார். "வந்தது?"

"அஞ்சு."

"அப்ப எட்டு வெளிய." பிளவுஸின் மற்றக் கையைத் திருப்பினார். "ஞாயித்துக்கெழம வாங்க மிஸ், ரெடியா இருக்கும். சனிக்கெழம வேணாம், ஆள் கூட."